வெற்றுப் பக்கங்களைத் தவிர்

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தைப் பிரித்து இன்னொரு தடவை பார்ப்பேன். "உன்னை கஸ்டம்ஸ்ல போட்டிருக்கணும்" என்பார் என் கணவர். கஸ்டம்ஸில் போடவில்லை. தம்போயில் ஒரு பொறியியல் ஆய்வுக்கூடத்தின் ஆவணப் பிரிவில் போட்டார்கள். பழைய ஆற்றுநீர்மட்டப் பதிவேடுகளையும் மண் சோதனை அறிக்கைகளையும் ஸ்கேன் செய்து, குறிப்பு எழுதி, மின்காப்பகத்தில் ஏற்றுவது என் வேலை.

தாளை நான் தொடுவதில்லை. தூசி எனக்கு ஆகாது. பக்கத்து அறையில் ஸ்டோர்காரர் பதிவேட்டின் தையலைப் பிரித்து, தாள்களை இயந்திரத்தில் விடுவார். படம் என் கணினிக்கு வரும். பார்த்துவிட்டு, குறிப்பின் கடைசிக் கட்டத்தில் 'சரி' அல்லது 'ஐயம்' என்று போடுவேன். ஐயம் என்று போட்டால் பொறியாளர்கள் அந்தப் பதிவேட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அந்தக் கட்டத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம் இருந்தது.

செடெனாக் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், சின்ன ஆற்றில் அளவுப்பலகை நட்டிருந்தார்கள். எஸ்டேட் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், தினமும் காலையில் நடந்துபோய் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதவேண்டும். அந்தப் பதிவேட்டைத் திரையில் பார்த்ததுமே எனக்கு மூக்கில் வேர்த்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு கறை இல்லை. வெள்ளம் வந்த இரண்டு நாளும் மணிக்கு ஒரு அளவு, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதியதுபோல் முத்துமுத்தாக. நடுவில் ஒரு மணிக்கு மட்டும் இடம் காலி. கொட்டும் மழையில் நின்றவன் கை இப்படியா எழுதும்? வீட்டிலிருந்தே கதை கட்டியிருக்கிறார், கட்டும்போது கண்ணயர்ந்தும் விட்டார் என்று முடிவு செய்தேன். ஐயம் என்று போட்டுவிட்டுத் திருப்தியாகத் தேநீர் குடித்தேன்.

மற்ற ஆற்றுப் பதிவேடுகளில் மை கலைந்திருந்தது, அடித்தல் திருத்தல் இருந்தது. அவற்றை நம்பினேன். 'சரி' என்று போட்டவற்றின் மூலத்தாள்களை அழிக்க அனுப்பலாம் என்று கையெழுத்தும் போட்டேன். ஐயப்பட்டதை மட்டும் அனுப்பவில்லை. நாளைக்கு யாராவது என்னைக் கேள்வி கேட்டால் காட்டவேண்டுமே என்று ஸ்டோர்காரரை உறையில் போட்டு அலமாரியின் அடித்தட்டில் வைக்கச் சொல்வது என் வழக்கம்.

சில மாதங்கள் கழித்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். செடெனாக்கில் ஆற்றோரத் தாமான் குடியிருப்பில் வீடு. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

"அக்கா, எங்கப்பாதான் அந்த எஸ்டேட்ல கிராணியா இருந்தாரு. இப்ப மேட்டுல செம்பனையெல்லாம் வெட்டி மண்ணு கொட்டிட்டாங்க. இனிமே தண்ணி எங்க பக்கம்தான் வரும். தண்ணி ஓட லோங்கான் போடுறாங்க, ஆனா சின்னதா போடுறாங்க. உங்க எஞ்சினியருங்களைக் கேட்டா, இங்க பெரிய வெள்ளம் வந்ததுக்கு நம்புற மாதிரி ரெக்கார்ட் இல்லேங்கிறாங்க."

என் புத்தி உடனே வேலை செய்தது. சொந்த வீடு, சொந்த அப்பாவின் பதிவேடு. இவள் வேறு என்ன சொல்வாள்?

"நீங்க அந்த வெள்ளத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு அப்ப ஆறு வயசு லா. சாமி மேடை வரைக்கும் தண்ணி. அப்பா வந்து என்னைத் தூக்கிட்டுப் போயி கோயில் மேட்டுல விட்டாரு. உடனே மறுபடி ஆத்துகிட்ட போயிட்டாரு, ரெண்டு நாளும் அங்கயேதான் நின்னாரு."

"ரெண்டு நாள் மழையில நின்னவரு புக்குல ஒரு சொட்டுத் தண்ணி படலியே."

சொல்லியிருக்கக்கூடாது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எங்கப்பா பொய் எழுதினாருன்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள். கைப்பேசி எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கதவருகே நின்று திரும்பினாள். "மழையில அப்பா பென்சில்லதான் எழுதுவாரு அக்கா. பேனா மை கரைஞ்சிரும்னு. வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டிட்டு, எதிர்ப்பக்கத்துல பேனாவுல எடுத்து எழுதுவாரு. அது மட்டும் எனக்குத் தெரியும்."

நான் பார்த்த படங்களில் பென்சில் எங்கேயும் இல்லை. இதுவும் கதைதான் என்று நினைத்தபடியே, எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேனரின் அமைப்பைத் திறந்தேன். கறுப்பு வெள்ளை. பின்புலக் கறையை நீக்கு. வெற்றுப் பக்கங்களைத் தவிர். மூன்றையும் முதல் நாளே நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன், கோப்பு சின்னதாக இருக்கும் என்று. மங்கலான பென்சிலை அந்த இயந்திரம் எழுத்தாகவே மதிக்காது. பக்கம் வெற்று என்று தள்ளிவிடும். சேற்றையும் தானே துடைத்துவிடும்.

ஸ்டோர்காரரிடம் ஓடினேன். ஆற்றுப் பதிவேடுகளின் மூலத்தாள்கள் எங்கே என்று கேட்டேன். "சுடா ஹந்தார், காக்" என்றார் மலாயில். எல்லாம் அனுப்பியாகிவிட்டது, என் கையெழுத்து இருக்கிறது என்று தாளைக் காட்டினார். நான் நம்பிய பதிவேடுகளில் பென்சில் பக்கங்கள் இருந்திருந்தால் அவையும் கூழாகிவிட்டிருந்தன. அவற்றில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

அலமாரியின் அடித்தட்டில் உறை மட்டும் இருந்தது. தும்மிக்கொண்டே பிரித்தேன். தாள் முழுக்கச் செம்மண் கறை. ஒரு பக்கம் பேனா. எதிர்ப்பக்கம் பென்சிலில் நடுங்கிய, கோணலான எண்கள். ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஓர் எண்கூட மாறவில்லை. காலியாக இருந்த அந்த ஒரு மணிக்கு நேரே, பென்சில் பக்கத்தின் ஓரத்தில், தமிழில் பொடியாக எழுதியிருந்தார்: "வீட்டில் தண்ணீர். பிள்ளையை மேட்டில் விட்டு வந்தேன். இந்த மணி பார்க்கவில்லை."

பார்க்காத ஒரு மணிக்கு இட்டுக்கட்டி ஓர் எண் எழுதக்கூட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. அவரைத்தான் நான் தூங்கியவர் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

பக்கங்களை வண்ணத்தில் மறுபடி ஸ்கேன் செய்து, ஐயத்தை எடுத்துவிட்டு, நடந்த தவற்றை என் பெயரிலேயே எழுதிப் பொறியாளர்களுக்கு அனுப்பினேன். கால்வாய் வரைபடத்தை நிறுத்திவைத்திருப்பதாக மறுநாள் பதில் வந்தது. பிறகுதான் அவளுக்குப் போன் செய்யத் தைரியம் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அந்த ஓர வரியைப் படித்துக் காட்டினேன்.

அவள் கேட்டாள்: "நெசமாவே அப்படி எழுதியிருக்கா, இல்ல என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றீங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. "நான் சொல்றதை நம்பாதீங்க. வந்து தாளை நீங்களே பாருங்க" என்றேன்.