ஓமோ இல்லையோ என்று கேட்ட தவமணி

1. பட்டியலில் ஒரு ஆள் குறைவு

வேட்புமனு கையளிக்க மூன்று நாள் இருக்கும்போது எங்கள் பட்டியலில் இருந்த ஒரு பெண் விலகிக்கொண்டார். அவருடைய மாமனார் பழைய கட்சிக்காரர், வீட்டில் சண்டை. பெண் வேட்பாளர்கள் இத்தனை பேர் என்று சட்டம் கேட்கிறது. ஒருவர் குறைந்தாலும் முழுப் பட்டியலும் நிராகரிக்கப்படும். ஆறு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த சுயேச்சைக் குழு பிறக்கும் முன்பே செத்துவிடுமோ என்ற பயத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பிரதேச சபை அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சபைக் கூட்டங்களின் குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. எங்கள் கரையோர ஊரில் இரண்டே கட்சிகள். ஒன்று உரிமை பேசும். மற்றது அபிவிருத்தி பேசும். ஒருவர் கொண்டுவரும் பிரேரணை எவ்வளவு நல்லதானாலும் மற்றவர் மறிப்பார். ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று நான் எழுதிய அளவுக்கு என் பெயரைக்கூட எழுதியிருக்க மாட்டேன். உரிமையும் வேண்டும், வீதியும் வேண்டும் என்று நினைக்கிற சனத்துக்காக ஒரு குழு வேண்டும் என்று ஓய்வு பெற்ற கையோடு இறங்கினேன். இப்போது அதே எண்ணத்தோடு என்னிடம் வருகிற இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2. நான் எழுதிய நோட்டீஸ்

விலகியவரின் இடத்துக்கு எல்லாரும் சொன்ன பெயர் தவமணி. கரைச் சந்தையில் மீன் விற்கிறவர். எங்கள் நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்து, வேட்புமனுவில் கையெழுத்துக் கேட்டேன். கையைத் துடைத்துவிட்டு ஒரு வரி விடாமல் வாசித்தார்.

“சேர், இந்தச் சந்தையைப் புதுக் கட்டிடத்துக்கு மாத்தவேணும் எண்டு ஒரு கட்சி நிக்குது. விடமாட்டம் எண்டு மற்றது நிக்குது. நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“அதிலை இருக்குத்தானே. சகல தரப்பினரின் கருத்துகளையும் பெற்றுப் பொருத்தமான தீர்மானம் எடுக்கப்படும்.”

“அது ஓமோ, இல்லையோ?”

நான் அதே வரியைத் திரும்பவும் சொன்னேன்.

“சபைக் கந்தோரிலை வேலை செய்யேக்கையும் இதைத்தானே சொன்னனீங்கள்,” என்றார். “முதலிலை பதிலைச் சொல்லுங்கோ. பிறகு கையெழுத்தைப் பற்றிக் கதைப்பம்.”

எனக்குச் சரியான கோபம். வீடு வரும்வரை மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். வந்து நோட்டீஸை எடுத்து வாசித்தால், பன்னிரண்டு விடயங்களில் ஒன்றுக்குக்கூட அதில் பதில் இல்லை. இரண்டு பக்கமும் கோபிக்கக் கூடாதென்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

3. தண்ணீர் எங்கே போகும்?

மறுநாள் விடிந்ததும் போய்ச் சந்தையில் நின்றேன். அபிவிருத்திக்காரர் காட்டும் புதுக் கட்டிடத்தில் குழாய் இருக்கிறது, கழிவுநீர் வெளியே போக வழி இல்லை. வள்ளத்தில் வரும் மீனை அவ்வளவு தூரம் சுமக்கவும் வேண்டும். இந்தப் பக்கம் கரைச் சந்தையிலோ கூரை இல்லை. மர நிழலைத் தேடிப் பெண்கள் வீதிவரை மீன்பெட்டியை வைத்திருந்தார்கள். ஒரு பள்ளிக்கூட வான் கடக்க முடியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. தவமணியின் பெட்டிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது.

பின்னேரம் குழு கூடியது. சந்தை கரையிலேயே இருக்கவேண்டும், கூரை போடவேண்டும், வீதியில் வைத்து விற்கக் கூடாது என்று எழுதிக் காட்டினேன். எங்கள் முதன்மை வேட்பாளர் சிவபாலன் அண்ணைக்குப் புதுக் கட்டிடத்துக்குப் பக்கத்தில் கடை.

“நடு எண்டு சொல்லிப்போட்டு இப்ப ஒரு பக்கம் சாயிறியளே,” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“அண்ணை, அங்கை மீன் கழுவினா தண்ணி எங்கை போகும்?”

தன் கடை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“என்ரை கடைக்குள்ளைதான் வரும்,” என்றார்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். மற்றப் பதினொரு விடயங்களுக்கும் அன்றே பதில் எழுதினோம்.

4. கையெழுத்து

கடைசி நாள் காலை தவமணியிடம் போனேன். முதல் இரண்டு வரிக்கும் தலையாட்டினார். மூன்றாவதில் நின்றுவிட்டார்.

“என்ரை பெட்டியையுமோ எடுக்கச் சொல்லுறியள்?”

“ஓம். உங்கடை பெட்டியையும்தான்.”

அவர் மாட்டேன் என்றால் எல்லாம் முடிந்தது. அவர் திரும்ப ஒருமுறை வாசித்தார்.

“உது எனக்குப் பிடிக்கேல்லை. ஆனா விளங்குது. பேப்பரைத் தாங்கோ.”

மதியத்துக்கு முன்பே எங்கள் மனு ஏற்கப்பட்டது. தேர்தலில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆசனம். தவமணி தன் வட்டாரத்தில் வென்றதுதான் அது.

சபையில் இரண்டு கட்சிக்கும் சரிசமமான உறுப்பினர்கள். வீதியோர வியாபாரத்தை நிறுத்தும் பிரேரணையை அபிவிருத்திக்காரர் கொண்டுவந்தபோது எல்லாக் கண்களும் தவமணி பக்கம் திரும்பின. பார்வையாளர் வாங்கில் நான் இருந்தேன். கூடவே மீன் விற்கும் பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே தவமணி ஆதரவாகக் கையை உயர்த்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முப்பது வருடமாக நான் நடுநிலை என்று நினைத்திருந்தது வெறும் வாய்திறவாமை. நடுவில் நிற்கிறவன்தான் ஒவ்வொரு விடயத்தையும் தனித்தனியாகப் பார்த்து, ஓம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். தன் சனத்துக்குப் பிடிக்காத பதிலையும் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். கட்சி தொடங்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

மறுநாள் சந்தைக்குப் போனேன். தவமணியின் பெட்டி வீதியை விட்டு உள்ளே, நல்ல வெயிலுக்குள் இருந்தது.

“அவங்களோடை சேர்ந்திட்டாய், என்ன?” என்று பக்கத்தில் இருந்தவர் பொரிந்து தள்ளினார்.

“வாற கூட்டத்திலை கூரைக்குக் கை தூக்குவன்,” என்று மீனை வெட்டிக்கொண்டே சொன்னார் தவமணி. “அப்ப மற்றக் கட்சியோடை சேர்ந்திட்டாய் எண்டு பேசு.”