சுவிட்ச் மேல் மாட்டிய ரப்பர்

என் வீட்டுக்காரர் சோற்றுக்கு ஸ்பூன் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாய்யா, தொரை ஆயிட்டியா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பிசைந்த சோறு விரல் இடுக்கு வழியாகத் தட்டிலேயே விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த வலது கையைச் சரியாகப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடம் குழி விழுந்து கிடந்தது.

திருவொற்றியூரில் பழைய கன்டெய்னர்களைச் சரிபார்க்கும் யார்டில் அவருக்கு வேலை. நாள் முழுக்க கிரைண்டிங் மெஷினைப் பிடித்துத் துருவைத் தேய்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து டீவி பார்க்கும்போது என் தோளில் கை போட்டால், அந்தக் கை இன்னும் நடுங்குவது எனக்குத் தெரியும். டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுவார். "கை போச்சின்னு தெரிஞ்சா நாளைக்கே சூப்பர்வைசரு கேட்டாண்டயே நிறுத்திடுவான். சும்மா கெட."

ஒருநாள் சைக்கிள் டியூபைக் கொண்டுவந்து வளையம் வளையமாக வெட்டித் தரச் சொன்னார். வீட்டில் தையல் தைப்பவள் நான். கைப்பிடிக்கு மெத்தென்று இருக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஒரே அளவாக வெட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவருடன் வேலை செய்பவர் வந்து டீ குடித்துக்கொண்டே பாராட்டினார்.

"அண்ணி, நீ குடுத்த ரப்பரு சூப்பரு. சுவிட்ச்சு மேல மாட்டிட்டா வெரலால அமுக்கவே வேணாம். மெஷினு தானா ஓடிகினு கீது."

"கை நழுவிச்சின்னா?"

"அப்பவும் ஓடும்" என்றவர், பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாதாவே! விரலை எடுத்தால் மெஷின் நிற்பதற்குத்தானே அந்தச் சுவிட்ச்? சொந்தக் காசில் சூனியம் வைத்த கதையாக, நானே வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே அவர் பையைக் கவிழ்த்து எல்லா வளையத்தையும் பொடிப்பொடியாக நறுக்கினேன். அவர் கத்தினார், நானும் கத்தினேன். பக்கத்து வீட்டில் டீவி சத்தத்தைக் குறைத்தார்கள். கேட்கட்டும்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, பாவாடைக்கு வைக்க எலாஸ்டிக் சுருளை எடுத்தேன். முனை பிய்ந்திருந்தது, பல் தடம் இருந்தது. கத்திரியை அமுக்க முடியாமல் கடித்து இழுத்திருக்கிறார் மனுஷன். சுவிட்ச் மேல் மாட்ட, ரப்பருக்குப் பதில் இன்று இதுதான். அடுப்பை அணைத்துவிட்டு யார்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். டிரெய்லர் லாரி வரிசை நகரவே இல்லை. பாதி வழியில் இறங்கி ஓடினேன்.

கேட்டில் இருந்த சூப்பர்வைசர் அவரை வெளியே கூப்பிட்டார். அவரை வைத்துக்கொண்டே சொன்னேன்: "இவுரு கையில தெம்பே இல்ல சார். மெஷினு குடுக்காதீங்க."

"வேலைய கெடுத்துட்டியேடி, பாவி" என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். போனால் போகட்டும், ஆள் முழுசாக இருக்கிறாரே. அந்த வலது கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். வழியெல்லாம் என் பிடியை உதறப் பார்த்தார். அவரால் முடியவில்லை.