மனைவியின் பதினேழு பெட்டிகள்

துறைமுகத்துக்கு எதிரே வரிசையாக இருக்கும் கிளியரிங் ஏஜென்சிகளில் ஒன்றில் அவர் இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா. கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கப் படிவம் தயாரிப்பது, அதிகாரி பெட்டியைத் திறந்து பார்க்கும்போது பக்கத்தில் நிற்பது, கேட் பாஸ் வாங்கி லாரியில் ஏற்றிவிடுவது, இதுதான் வேலை. வாயைத் திறக்கவே மாட்டார் என்பதால் ஆபீஸில் அவருக்கு ‘சீல்’ என்று பெயர். “கன்டெய்னர் சீலையாவது கட்டர் வெச்சு உடைச்சிடலாம், இவரை என்ன பண்றது?” என்று முதலாளியே சொல்லிச் சிரிப்பார். இவரும் சிரிப்பார். சத்தம் வராது.

மனைவி வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் ஒன்பது வருடம். முதல் நான்கு வருடம் லீவுக்கு வந்தாள். பிறகு ஷிப்ட் மாறியது, டிக்கெட் கிடைக்கவில்லை, யாருக்கோ பதிலாக நிற்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் நிற்கவில்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ, ம்ம். அதற்குமேல் போனை மகளிடம் கொடுத்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேசைக்கு மூன்று ஃபைல்கள் வந்தன. மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்பும் ஒருவரின் வீட்டுச் சாமான், பதினேழு பெட்டி. அதற்கு வரிச்சலுகை உண்டு. படிவத்தில் பாஸ்போர்ட் எண்ணை அடித்துக்கொண்டிருந்தவர், கடைசி நான்கு இலக்கத்தைக் காகிதத்தைப் பார்க்காமலே அடித்துவிட்டதைக் கவனித்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால், அவள் கடைசியாக வந்திருந்தபோது, அந்தப் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் அவர்தான்.

பெயரைப் பார்த்தார். மனைவியின் பெயர். அங்கே சரக்கு ஏற்றிய கம்பெனி இங்கே எந்த ஏஜென்சிக்கு அனுப்பும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இறக்க வேண்டிய முகவரி இதே ஊர்தான், அவர் வீடு இல்லை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தெரு. உடன் வசிப்பவர் என்ற இடத்தில் ‘மகள்’ என்று எழுதியிருந்தது.

உள்ளுக்குள் ஏதாவது ஆகும் என்று காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கட்டத்தை அடித்தார். மதியம் டப்பாவில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சாயங்காலம் மகள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். காலேஜில் கடைசி வருடம்.

“அம்மா எப்ப வர்றா?”

அவள் கை நின்றது. “யாருப்பா சொன்னா?”

“பேக்கிங் லிஸ்ட்.”

“வந்தாச்சுப்பா. நாலு நாளாச்சு. அம்மாவே உங்ககிட்ட சொல்றேன்னாங்க.”

“நீயும் போறியா?”

“காலேஜ் அங்கேருந்து பக்கம்,” என்றாள். பிறகு, அது காரணம் இல்லை என்பது அவளுக்கே கேட்டது போல, “கொஞ்ச நாளைக்கு,” என்றாள்.

“சரி. மொட்டை மாடிக் கதவைப் பூட்டினியா?”

ஃபைலை வேறு யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம். ரோஷத்தில் வைத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. அது அவர் மேசையில் இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சுங்க ஷெட்டில் பெட்டிகளை வரிசையாக இறக்கியிருந்தார்கள். சாமானுக்கு உரியவர் நேரில் வந்தாக வேண்டும். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது.

“நீங்களா?”

“எங்க ஏஜென்சிக்குத்தான் வந்துச்சு. பாஸ்போர்ட் ஒரிஜினல் வேணும்.”

கொடுத்தாள். அதிகாரி அம்மாள் பட்டியலோடு வந்தார். “பார்ட்டி வந்தாச்சா?”

“வந்தாச்சு, மேடம்.”

“அஞ்சும் பதினொண்ணும் திறங்க.”

ஐந்தில் குக்கர், தட்டுகள், போர்வை. பதினொன்றில் குளிருக்குப் போடும் கோட்டுகள். அவற்றின் அடியில், குண்டூசிகூட எடுக்காத ஐந்து சட்டைகள்.

“ஜென்ட்ஸ் சட்டையா? லிஸ்ட்ல இல்லையே. யாருக்கு?”

“வீட்டுக்காரருக்கு, மேடம். வருஷத்துக்கு ஒண்ணு வாங்கினேன்.”

அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தார். “விட்டுப்போச்சு, மேடம். சேர்த்துடறேன்,” என்று அவர் எழுதினார்: ஆண்கள் சட்டை, புதியது, ஐந்து.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். கூலிக்காரர் பெட்டிக்கு ஆணி அடித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் சொன்னாள்: “சொல்லணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்.”

“ம்.”

“வேற யாரும் இல்லைங்க. தனியா இருந்தே பழகிடுச்சு. உங்ககூட இருந்தாலும் தனியாத்தான் இருப்பேன். அதுக்கு...”

“பதினாலாவது பெட்டி ஓரம் நசுங்கியிருக்கு. உள்ள என்ன?”

“கண்ணாடிப் பாத்திரம்.”

“லாரிக்காரர்கிட்ட சொல்லிடறேன். மேல வைக்கச் சொல்லி.”

அவள் பதினொன்றாம் பெட்டியைக் காட்டினாள். “அந்தச் சட்டைங்களை எடுத்துக்கறீங்களா?”

“இங்க எடுக்கக் கூடாது. லிஸ்ட்ல ஏறிடுச்சு.”

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று தோன்றியது. கேட் பாஸை நீட்டினார். வாங்கிக்கொண்டு லாரியில் முன்னால் ஏறிப் போனாள். அன்று அவருக்கு இன்னும் இரண்டு சரக்கு பாக்கி இருந்தது, ஒன்று டைல்ஸ், ஒன்று மோட்டார் உதிரிபாகம். இரண்டையும் முடித்தார்.

அடுத்த வாரம் மகள் இரண்டு பைகளோடு போனாள். விவாகரத்து என்று யாரும் பேச்செடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறைக்கு மாறினார். நடந்தே ஆபீஸ் போய்விடலாம். சனிக்கிழமைகளில் மகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

“கஷ்டமா இருக்காப்பா?” என்று ஒருநாள் கேட்டாள்.

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

“தெரியலம்மா,” என்றார். “பொழுது போயிடுது.”