மெட்ராஸ் ஐ வந்த நாலு நாள்

சும்மா இருப்பது எனக்கு வராது. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஃபேக்டரி சங்கு ஊதுவதற்கு முன்பே சட்டை மாட்டி நிற்கும் அப்பா, எனக்கும் அந்தப் பரபரப்பைத் தொற்ற வைத்திருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருமழிசை எஸ்டேட்டில், ரத்த வகை பார்க்கும் மருந்து தயாரிக்கிற ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன்.

என் வேலை ஹைப்ரிடோமா செல்களை வளர்ப்பது. எலியின் மண்ணீரல் செல்லையும் புற்றுநோய் செல்லையும் இணைத்து உண்டாக்கியவை; சாகாமல் பெருகும், ரத்த வகையைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடியும் சுரக்கும். அதில் ஒரு சொட்டு பட்டால் 'ஏ' வகை ரத்தம் பால் திரிவது போல் திரள வேண்டும். எங்களுடையதில் ஏதோ லேசாக மணல் தூவிய மாதிரி தெரிந்ததோடு சரி.

"மாசக் கடைசி வரைக்கும் பாரும்மா. வரலேன்னா இந்த செக்‌ஷனை மூடிடலாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். செக்‌ஷன் என்றால் நான் ஒருத்திதான்.

அன்றிலிருந்து அந்தச் செல்களைத் தாங்கு தாங்கென்று தாங்கினேன். தினமும் காலையில், ஃப்ளாஸ்க்கில் செல்கள் ஊறி வளரும் பழைய திரவத்தில் ஒரு சொட்டு எடுத்துச் சோதிப்பேன், அடியில் படிந்த செல்களை விட்டுவிட்டு மீதியை சிங்க்கில் கொட்டுவேன், புதிது ஊற்றுவேன். திரவம் சிவப்பாக இருந்தால் செல்கள் நலம். மஞ்சளானால் புளித்துவிட்டது என்று அர்த்தம். என் ஃப்ளாஸ்க்குகள் மஞ்சளானதே இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் கொழுகொழுவென்று இருக்கும். ஆன்டிபாடிதான் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பூந்தமல்லியில் பஸ் மாறிப் போய் நின்றேன்.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்தபடி சிரித்தார். "இன்னா மேடம், லீவு நாள்ல கூட வந்துகினு கீறீங்க? உள்ள இன்னா கொயந்தையா அயுவுது?"

"அழுதாத் தேவலையே!" என்று எரிந்து விழுந்தேன்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது. மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிறவளை அந்தக் கண்ணோடு யார் உள்ளே விடுவார்கள்? பக்கத்து பிளாக் போனிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டு, "சார், திரவத்தை மட்டும் மாத்திடுங்க சார்" என்று கெஞ்சினேன்.

"எனக்கு அதெல்லாம் வராதும்மா. நீ கண்ணைப் பாரு."

நாலு நாள் கூண்டில் போட்ட மாதிரி வீட்டுக்குள் நடந்தேன்.

ஐந்தாம் நாள் இன்குபேட்டரைத் திறந்தால் எல்லா ஃப்ளாஸ்க்கும் மஞ்சள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாதிச் செல்கள் செத்து மிதந்தன. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற முதலாளி, "விடும்மா, கொட்டிடு" என்றார். கொட்டும் முன் பழக்க தோஷத்தில் ஒரு சொட்டை வெள்ளை டைலில் வைத்து ரத்தம் சேர்த்தேன். சட்டென்று கட்டி கட்டியாகத் திரண்டது. பத்து மடங்கு நீர்க்கவைத்தேன். திரண்டது. நூறு மடங்கு. அப்போதும் திரண்டது.

"செக்‌ஷன் இருக்கும்மா!" என்று முதலாளி கத்தினார்.

நான் சிங்க்கைப் பார்த்தேன். செல் சுரப்பதெல்லாம் சுற்றியுள்ள திரவத்தில்தான் சேரும். நாள் போகப் போக, செல்கள் பசியில் வாடும்போதுகூட, சேர்ந்துகொண்டே இருக்கும். இது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தானே. திரவம் மஞ்சளாகிவிடுமோ என்ற பயத்தில், மாதம் முழுக்கத் தேடியதைத் தினமும் காலையில் என் கையாலேயே சிங்க்கில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.