அக்கா பிடித்த கை

எங்கள் அன்பு அக்கா சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். கல்யாணமாகி லூனாசுக்குப் போனார். அவரைக் கட்டியவனின் பெயர் இந்த நினைவு மலரில் எங்கும் வரக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவன் தம்பியாகிய நான்தான்.

தினமும் குடித்துவிட்டு அடித்தான். பொறுக்க முடியாமல் ஒருநாள் அக்கா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டை முகத்தில் வீசிவிட்டு ஓடிப்போனான், பாவி. அக்காவின் இரு கண்களும் போயின. பிள்ளையின் முன்கையிலும் தெறித்தது. வெந்த தோல் ஆறியும் சொரசொரப்பாகவே நின்றுவிட்டது.

பிறகு பீடோங்கில் எங்களோடு இருந்தார். சலவைக் கடைக்குத் துணி மடித்துக் கொடுத்தே மகளை வளர்த்தார். எந்தத் துணி என்பதை விரலாலேயே சொல்வார்.

"சும்மா கைய வெச்சா ஒண்ணும் தெரியாதுலா தம்பி. விரல இழுத்துப் பாக்கணும்" என்பார்.

அப்பா இறந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்கள் வரிசையாக அக்காவின் கையைத் தொட்டு நகர்ந்தார்கள். முகக்கவசம் போட்ட ஒருவன் பேசாமல் கையை நீட்டினான். அக்கா அதன்மேல் விரலை இழுத்தார். கட்டைவிரலின் அடியில், அக்காவைக் கட்டியவனுக்குப் பால்வெட்டும் கத்தி கிழித்த அதே தழும்பு மேடாக நின்றது. கண் தெரியாதவள்தானே என்ற துணிச்சலில் மகளைத் தேடி வந்திருக்கிறான்!

"இவன்தான்டா தம்பி! புள்ளைய உள்ள தள்ளிக் கதவச் சாத்து!"

அவன் கையை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். முகத்தில் குத்தினான், பல் உடைந்தது, அக்கா விடவில்லை. வாசல்வரை தரதரவென்று இழுத்தான். மணிக்கட்டைக் கடித்தாரே தவிர விடவில்லை. நான் நாற்காலியைத் தூக்கி அவன் மண்டையில் அடித்தேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை. உறவினர்கள் அவனை அமுக்கிப் பிடிக்க, போலீஸ் வந்து கொண்டுபோனது.

கடைசியில் பக்கவாதம் அக்காவைப் படுக்கையில் தள்ளியது. மகள் கையைப் பிடித்து அழுதாள். அக்காவின் முகத்தில் சலனமே இல்லை. அந்த விரல்கள்தான் அசையாதே! மகள் தன் முன்கையை அம்மாவின் விரல் நுனியில் வைத்து மெல்ல இழுத்தாள். அந்தச் சொரசொரப்பு விரலில் உரசியதும் அக்காவின் உதடு கோணியபடி அசைந்தது.

"எம்புள்ள."

அதுதான் அவர் பேசிய கடைசிச் சொல்.

கவனித்துக்கொண்ட தாதியருக்கும், வேலை கொடுத்து ஆதரித்த சலவைக் கடை அண்ணனுக்கும், அன்று அவனை அமுக்கிப் பிடித்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. இறுதிச் சடங்கில் உங்கள் ஒவ்வொருவர் கையையும் நான் கொஞ்சம் அதிக நேரம் தடவியிருப்பேன். தவறாக நினைக்க வேண்டாம். அவன் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். கட்டைவிரலின் அடியில் அந்தத் தழும்பு எந்தக் கையிலும் இல்லை. இருந்திருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன்.