பாயில் கவிழ்த்த பெட்டி

“எனக்குப் புடிச்ச கலர் எது? நீ சொல்லேன் பாப்போம்.”

அல்மாஸ் மாமி இப்படிக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவருக்குப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறேன். கடலூர் முதுநகரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் அடுப்பில் என்ன மீன் கொதிக்கிறது என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். அவருக்குப் பிடித்த நிறம் மட்டும் தெரியவில்லை.

உண்மையில் அது மாமியின் கேள்வி இல்லை. போனில் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு கம்பெனி கேட்ட கேள்வி. மாதம் ஒரு பெட்டி துணி வீட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. அனுப்புவதற்கு முன்னால் நம்மைப் பற்றிக் கேட்டுக்கொள்வார்கள். உயரம் என்ன, தோள் அளவு என்ன, எங்கே போட்டுக்கொண்டு போக வேண்டும் என்றெல்லாம். அதற்கு மாமி டக்டக்கென்று சொல்லிவிட்டார். நிறத்தில் வந்து நின்றுவிட்டார்.

“நீங்கதான் மாமி சொல்லணும்.”

“எனக்குத் தெரிஞ்சா உன்னை ஏன்டி கேக்கப் போறேன்?”

ஏன் தெரியவில்லை என்பதைப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். அவர் கணவர் அப்துல் ஹக் மாமா கல்யாணமான வருஷமே சவூதியில் தமாம் போனவர். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். நடுவில் பெருநாளை ஒட்டி கார்கோவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வரும். மாமியின் உடுப்பில் முக்கால்வாசி அந்தப் பெட்டியில் வந்ததுதான். அவர் துணிக்கடைக்குப் போனதே குறைவு.

பெட்டி வந்தால் எங்கள் தெருவே கூடிவிடும். ஆனால் யாரும் பிரிக்க மாட்டார்கள். சிதம்பரம் லால்கான் தெருவில் மாமாவின் அக்கா, மாமி ‘மச்சி’ என்று கூப்பிடும் சைதுன் பீவி இருக்கிறார். அவர் பஸ் பிடித்து வந்து சேர வேண்டும். வந்ததும் கூடத்தில் பெரிய பாயை விரிப்பார். டேப்பைக் கத்தியால் கீறி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, பெட்டியை அப்படியே தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். துணி, சோப்பு, பாடி ஸ்ப்ரே, தைலம், பால் பவுடர் எல்லாம் மலை மாதிரி விழும். பிறகு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் சாக்லேட் பாக்கெட் கிடைக்கும். பெட்டி வந்த வீட்டுக்காரி மட்டும் முதலில் கை வைக்கக் கூடாது. வைத்தால் புருஷன் சம்பாத்தியத்தைத் தானே அமுக்கிக்கொண்டாள் என்று பேர் வந்துவிடும். எல்லாரும் எடுத்த பிறகு பாயில் எது மிச்சமோ அதுதான் அல்மாஸ் மாமிக்கு. அதைத்தான் அவர் தைத்தும் பிரித்தும் போட்டுக்கொண்டார்.

போன வருஷம் மாமா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். இந்த வருஷம் மகன் ரிஸ்வானும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். மாமிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில், முன்னால் உட்கார்ந்து பேர் பதிகிற வேலை கிடைத்தது. சேர வேண்டிய நாள் ஒரு திங்கட்கிழமை.

“முதல் நாளு நானே எடுத்த ஒரு உடுப்பைப் போட்டுக்கிட்டுப் போவணும் வாணி. ஒண்ணே ஒண்ணு போதும்” என்றார்.

கடைக்குப் போகலாம் என்றேன். போனோம். கடைக்காரர் முப்பது நாற்பது சுடிதாரை எடுத்து மாமியின் முன்னால் போட்டார். “இது எடுங்க பாய்ம்மா, உங்க கலருக்கு இதான்” என்றார். மாமி சரி சரி என்று தலையாட்டி, அவர் நீட்டியதை வாங்கப் போனார். நான்தான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். பஸ்ஸில் வரும்போது, “ஆளு நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு ஒண்ணும் ஓடமாட்டேங்குது” என்றார். அப்போதுதான் எனக்கு இந்தப் பெட்டிக் கம்பெனிகள் ஞாபகத்துக்கு வந்தன. வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம், பிடிக்காததைத் திருப்பி அனுப்பலாம். ப்ளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் திரிந்துகொண்டிருந்த எனக்கு இது நல்ல வேலையாகவும் பட்டது.

முதலில் பார்த்த கம்பெனியில் படங்கள் பிரமாதம். முழுக்கை கிடைக்குமா என்று சாட்டில் கேட்டேன். இந்த சீசனில் கையில்லாததுதான் அதிகம் போகிறது என்று பதில் வந்தது. மாமி, “அவங்களையே போட்டுக்கச் சொல்லு” என்றார். இரண்டாவது கம்பெனி, போட்டுவிட்டுத் திருப்பித் தர வேண்டிய வாடகைத் துணி. “யாரு போட்டதோ! வேணாம்டி யம்மா.” மூன்றாவது சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி. ஐந்து உடுப்பு அனுப்புவார்கள். வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை ஐந்து நாளில் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். முழுக்கை, முட்டிக்குக் கீழே இறக்கம் என்று எழுத இடம் இருந்தது. எந்த மாதமும் நிறுத்திக்கொள்ளலாம். போன் செய்தேன். தமிழில் பேசினார்கள், முதுநகருக்கு வந்து வாங்குவோம் என்றும் சொன்னார்கள். அதையே எடுத்தோம்.

மாமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“முன்னப்பின்ன தெரியாதவன் எம் பொண்டாட்டிக்கு துணி எடுத்து அனுப்புவானாம். நல்லாருக்கே!”

“நீங்க மட்டும் என்னைப் பாத்தா எடுத்தீங்க மச்சான்? தமாம்ல இருந்துக்கிட்டுத்தானே எடுத்தீங்க?”

“நான் மனசுல பாத்து எடுத்தேன்.”

“மனசுல நான் ரொம்ப ஒல்லி போல” என்று மாமி சொல்ல, மாமா பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

நிறக் கேள்விக்குப் பதில் எழுதாமலே அனுப்பினோம்.

பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. நான் கம்ப்யூட்டர் கிளாஸில் இருந்தேன். மாமா ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். சைதுன் பீவி, தம்பி வீட்டில் சாப்பிடலாம் என்று தன் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சாயங்காலம் நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கட்டிலில் காலிப் பெட்டியும், ஜரிகை வைத்த ஒரு கிளிப்பச்சை சுடிதாரும் இருந்தன. மாமி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“மீதி நாலு எங்க மாமி?”

“போயிடுச்சு.”

“எங்க போயிடுச்சு?”

“சிதம்பரத்துக்கு.”

நடந்தது இதுதான். வாசலில் பெட்டியை வாங்கியது சைதுன் பீவி. பெட்டி என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே வகைப் பெட்டிதான். மாமி அடுப்பைத் தணித்துவிட்டு வருவதற்குள் பாயை விரித்துக் கவிழ்த்துவிட்டார். “வேற கம்பெனி அனுப்புனது மச்சி” என்று மாமி சொல்லிப் பார்த்திருக்கிறார். “எந்தக் கம்பெனியா இருந்தா என்னம்மா, துணிதானே” என்று பதில் வந்திருக்கிறது. கம்பெனி வைத்த சீட்டு பாய்க்கு அடியில் போய்விட்டது. மேலே விழுந்ததை மாமி கையில் எடுத்திருக்கிறார். செங்கல் நிறம், அதில் பொடிப்பொடியாகக் கறுப்புப் பூ. தோளில் வைத்தும் பார்த்திருக்கிறார். சைதுன் பீவி, “இது நம்ம பெரியவளுக்கு எடுப்பா இருக்கும்” என்று அவர் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாமி அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

“வேணும்னு ஏன் மாமி சொல்லல?”

“பழக்கம்” என்றார். வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை. “ஆனா வாணி, கலரு தெரிஞ்சிடுச்சு. செங்கல்லு கலருதான்.”

மாமா உள்ளே வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். இது சும்மா வந்த துணி இல்லை, திருப்பவில்லை என்றால் ஐந்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள் என்றேன். அவர் பணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“பணம் கெடக்குது. எப்பவும் இப்படித்தானா? எல்லாரும் எடுத்தப்பறம்தான் உனக்கா?”

“பின்ன?”

“அதுக்குத்தானே நான் உனக்குள்ளதை எப்பவும் அடியில வச்சிக் கட்டுவேன்! மேல இருக்கறதை எல்லாரும் அள்ளிக்கிட்டாலும் அடியில இருக்கறது உனக்கு நிக்கும்னு. அந்தப் பெட்டியிலேயே ஒசத்தி அதுதான்.”

மாமி கத்தியைக் கீழே வைத்தார். “அடியிலயா வச்சீங்க?”

“ஆமா.”

“நாங்க பாயில கவுத்துல்ல கொட்டுவோம் மச்சான். அடியில இருக்கறது மேல வந்துடும். அதைத்தான் மச்சி மொதல்ல எடுப்பாங்க.”

மாமா அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்தார். அத்தனை வருஷமும் பெட்டி கட்டியவர் அவர். பிரிக்கும்போது ஒருமுறைகூட இங்கே இருந்ததில்லை. லீவில் வரும்போது மாமிக்கு உள்ளதைச் சூட்கேஸிலிருந்து கையிலேயே கொடுத்துவிடுவார். கார்கோ பெட்டி எப்போதும் அவர் அங்கே இருக்கும்போதுதான் வரும். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

“போன்ல கேப்பனே, புடிச்சிருந்துச்சான்னு. புடிச்சிருந்துச்சுன்னுதானே சொல்லுவே?”

“நீங்க எதைக் கேக்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? மிச்சம் இருந்ததைப் புடிச்சிருந்துச்சுன்னு சொன்னேன்.”

மாமா அக்காவைக் கூப்பிடப் போனை எடுத்தார். “லாத்தாகிட்ட நான் பேசறேன்.”

“நீங்க பேசினா சண்டையாயிடும். எனக்கு வேணும்னு நான்தான் கேக்கணும்” என்றார் மாமி. என்னைப் பார்த்து, “நாளைக்கு சும்மாதானே இருக்கே?” என்றார். கிளாஸ் நேரம் போக எப்போதும் சும்மாதான் இருந்தேன்.

சனிக்கிழமை காலையில் சிதம்பரம் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம் தாண்டும் வரை மாமி கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். புதுச்சத்திரம் வந்ததும், “கேக்காம வந்துடுவேன்னு நினைக்கறியா?” என்றார். ஆமாம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். “தெரியல மாமி” என்றேன்.

“எனக்கும் தெரியல.”

லால்கான் தெருவில் சைதுன் பீவி எங்களைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். சலாம் சொல்லி உட்கார்ந்ததும் டீ வந்தது, சமோசா வந்தது. தண்ணீர் சரியாக வராதது, பெரிய பெண்ணுக்கு வரன் பார்ப்பது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. கொடியில் அந்தச் செங்கல் நிறச் சுடிதார் தொங்கியது எனக்குத் தெரிந்தது. மாமி டீயைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“மச்சி, அந்தச் செங்கல்லு கலரு எனக்கு வேணும்.”

“எது?”

“கொடியில கெடக்குதே அது.”

சைதுன் பீவி கொடியைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். “குடுத்ததைத் திருப்பிக் கேக்கறியா அல்மாஸு?”

“நான் குடுக்கல மச்சி. நீங்க எடுத்துக்கிட்டீங்க.”

நான் கையிலிருந்த சமோசாவைத் தட்டில் வைத்தேன். சைதுன் பீவியின் பெரிய பெண் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“வேலைக்குப் போறதுக்கு முந்தியே வாய் வந்துடுச்சு. போனதுக்கப்பறம் என்ன ஆவுமோ!” என்றார் சைதுன் பீவி.

“இப்பயாவது வந்துச்சேன்னு பாக்கறேன் மச்சி.”

சைதுன் பீவி எழுந்து போய்ச் சுடிதாரைக் கொடியிலிருந்து உருவினார். கோபமாகத்தான் உருவினார். ஆனால் மடிக்கும்போது கை மெதுவானது. “இத்தினி வருஷம் பெட்டி வந்துச்சு. ஒருநாளும் எனக்கு இது வேணும்னு நீ சொன்னதில்ல. இவளுக்குத் துணிமணியில ஆசையில்ல போலன்னுதான் நான் நெனச்சேன். வாயத் தொறந்தாத்தானே தெரியும்?”

“பெட்டிக்காரி வாயத் தொறந்தா என்ன பேரு வரும்னு உங்களுக்குத் தெரியாதா மச்சி?”

சைதுன் பீவி சுடிதாரை மாமியின் மடியில் வைத்தார். மாமா அடியில் வைத்துக் கட்டிய விஷயத்தை மாமி அங்கே சொல்லவே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ஏன் என்று கேட்டேன். “அது அவங்களுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா இனிமே போட்டுக்கறப்பல்லாம் உறுத்தும்” என்றார்.

கிளம்பும் முன் சைதுன் பீவி என்னை வாசலில் நிறுத்தி, “அந்தக் கம்பெனி பேரு என்னம்மா? எனக்கும் ஒரு பெட்டி போட்டு விடேன்” என்றார். மீதி மூன்று உடுப்பும் அங்கேயே இருந்துவிட்டன. அதற்கான பணத்தை மாமா கட்டினார். கிளிப்பச்சை மட்டும் திரும்பிப் போனது.

திங்கட்கிழமை காலையில் மாமி செங்கல் நிறச் சுடிதாரில், அதே நிறத்துக்கு ஒத்துப்போகிற தலைத்துணியோடு பஸ் ஏறினார். கை கொஞ்சம் நீளமாக இருந்தது. மடித்து விட்டிருந்தார். எனக்குக் கையாட்டவில்லை. சீட் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

அடுத்த மாதப் பெட்டி வந்தபோது நானும் இருந்தேன். மாமா பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் உள்ளறையில் கட்டில் மேல் வைத்தார். டேப்பைக் கீறினார். பெட்டியைச் சாய்க்கக்கூட இல்லை. “நீயே ஒண்ணொண்ணா எடுத்துப் பாரு” என்று மாமியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே என்னோடு உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்து மாமி வந்து, இரண்டு வேண்டும், மூன்று வேண்டாம் என்றார். வேண்டாததில் ஒன்று மாமாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் அதைச் சொன்னார். மாமி அதையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் சவூதியிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வீட்டுக்குப் பெட்டி கட்டுகிறவர்களாக இருந்தால், இந்தக் கதையை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். மனைவிக்கு உள்ளதை அடியில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன்மேல் பெரிய எழுத்தில் அவர் பேரை எழுதச் சொல்லுங்கள். பெட்டி பிரிக்கிற வீட்டிலும் யாராவது ஒருவர் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினால் நல்லது. பாய் விரிப்பதற்கு முன்னால் படித்தால் இன்னும் நல்லது.