ஆவணி மூன்று என்று சொன்னேன்

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை காலை தறியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவாசியிலிருந்து வந்திருந்த மகள் போனைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள். "அம்மா, கற்பகம் நர்ஸம்மா போயிட்டாங்களாம்." அதற்குமேல் அன்று எனக்குத் தறி ஓடவில்லை.

ஆரணியில் எங்கள் தெருப் பெண்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. வீடு வீடாக வந்து பிரசவத் தேதி குறித்துக் கொடுத்த அரசாங்கச் செவிலியர். "குளிச்ச நாள் வேணாம், தூரமான மொத நாள சொல்லு" என்பார். மாதவிலக்கு தொடங்கிய அந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் ஏழு நாள் எண்ணுவார். யாராவது நாள் பார்த்து மாற்றிச் சொன்னால் கோபம் வந்துவிடும். "பஞ்சாங்கம் பாக்கவா நான் வெயில்ல வந்துகினு இருக்கேன்?"

நானும் அவரிடம் பொய் சொன்னவள்தான். இருபத்திரண்டு வருடமாக மறைத்ததை இன்று சொல்கிறேன். கல்யாணமான வருடம் ஆடிக்கு என்னைக் கண்ணமங்கலத்தில் அம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். ஆடியில் உண்டானால் சித்திரையில் பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம். என் வீட்டுக்காரரோ நூல் விசாரிக்க வந்தேன் என்று இரண்டு முறை வந்து போனார். கண்ணமங்கலத்தில் என்ன நூலைக் கண்டாரோ! நாள் தள்ளியதும் மாமியாரை நினைத்து நடுங்கிப் போனேன். ஆடி மூன்றை ஆவணி மூன்று என்று சொன்னேன். நர்ஸம்மா அட்டையில் வைகாசித் தேதி எழுதினார்.

சித்திரை இருபத்தைந்தாம் நாள் காலையிலிருந்து வயிற்றில் அசைவு குறைந்துகொண்டே வந்தது. "இன்னும் பதினெட்டு நாள் கெடக்குது, சும்மா பேஜார் பண்ணாத" என்றார் மாமியார். உண்மையில் நாள் கடந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, பாவி.

வழக்கம்போல வந்த நர்ஸம்மா வயிற்றை அளந்தார். குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். மாமியாரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "உங்க மாமியார்கிட்ட மறைச்சிக்கோ. என்கிட்ட மறைச்சா புள்ள தங்காது. நெஜத்த சொல்லு." சொன்னேன். திட்டவில்லை. கதவைத் திறந்தார். "ஜல்தி ஆட்டோ கூப்புடுங்க" என்று கத்தினார்.

ஆஸ்பத்திரியில் பனிக்குட நீர் பச்சையாக வந்தது. பிள்ளை அழவில்லை. நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு, மெலிதாக, அழுதாள். "பிரஷர் ஏறிடுச்சு, அதான் முன்னாடியே எடுத்துட்டாங்க" என்று மாமியாரிடம் சொன்னார் நர்ஸம்மா. எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது.

சாவு வீட்டுக்கு நான் மட்டும் போய் வந்து குளித்தேன். அன்று பிறந்த அந்த மகளுக்கு இப்போது நாள் தள்ளியிருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி "ஆவணிம்மா" என்றாள். ஆடி முழுக்க அவள் என் வீட்டில்தான் இருந்தாள். சார்ஜரை மறந்துவிட்டேன் என்று மாப்பிள்ளை இரண்டு முறை வந்து போனார்.

நர்ஸம்மாவிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தக் கேள்விதான். கதவைச் சாத்தினேன்.

"குளிச்ச நாள் வேணாண்டி. தூரமான மொத நாள சொல்லு."

இன்னும் சொல்லவில்லை. அவள் சொல்லும்வரை நான் கதவைத் திறக்கப்போவதில்லை.